துண்டில் படிந்த பச்சை

எங்கள் மகன் பிறந்து ஐந்தாம் நாள். அதுவரை நன்றாகப் பால் குடித்தவன் விடியற்காலையில் கக்கினான். பிள்ளை பால் கக்குவது வழக்கம்தானே என்று வெள்ளைத் துண்டால் துடைத்தேன். அதில் படிந்தது பாலின் நிறம் இல்லை; கொத்தமல்லியை அரைத்ததுபோல் கரும்பச்சை. பித்தமாக இருக்கும் என்றார்கள் சிலர். வயிறுகூட உப்பியிருக்கவில்லை. அம்மா மட்டும், "எனக்கு இது சரியாகப் படவில்லை, கிளம்பு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

முதலில் போன இடத்தில் செரிமானக் கோளாறு என்று சொட்டு மருந்து எழுதினார்கள். மனம் ஒப்பவில்லை. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு ஓடினோம். துண்டைப் பார்த்ததுமே அங்கிருந்த மருத்துவர் பாலை நிறுத்தச் சொன்னார். மூக்கு வழியே குழாய், கையில் டிரிப், சாயமருந்து கொடுத்து எக்ஸ்ரே. படத்தில் குடல் திருகாணிபோல் சுருண்டு இறங்கியது.

கருவிலேயே குடல் 270 பாகை சுழன்று தன் இடத்தில் அமர வேண்டுமாம். இவனுக்கு அது பாதியில் நின்றிருக்கிறது. குடலை வயிற்றின் பின்சுவரோடு பிணைத்து அகலமாகப் பதிந்திருக்க வேண்டிய மடிப்பு காம்புபோல் குறுகிப்போக, அதைச் சுற்றிச் சிறுகுடல் முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நெரித்துவிட்டது.

பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் லாட் 1936இல் விவரித்த அறுவை சிகிச்சைதான் இவனுக்கும். முறுக்கைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருந்தார்கள். கருநீலமாக இருந்த குடல் மெல்ல மெல்லச் சிவந்ததாம். அதை மருத்துவர் வந்து சொன்னபோது கால் தரிக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு குடலை அழுத்திய திசுப் பட்டைகளை வெட்டி, மடிப்பை அகலப்படுத்தி, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் வைத்தார்கள். குடல்வால் இனி இடம் மாறி இருக்கும், பின்னாளில் அங்கே வலி வந்தால் குழப்பம் என்று அதையும் எடுத்துவிட்டார்கள்.

*

சகோதரி, நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியர். உங்கள் அம்மாவை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். எங்களிடம் வந்த ஒரு பெண் குழந்தைக்கு ஓர் இரவு தாமதம். பெரும்பகுதிக் குடல் கருத்துவிட்டது. எது பிழைக்கும் என்று உறுதியாகத் தெரியாததால், மறுநாள் மீண்டும் திறந்து பார்த்தார்கள். எஞ்சிய குடல் போதாமல் மாதக்கணக்கில் ரத்தக்குழாய் வழியேதான் சத்து ஏற்றினோம். வாந்தி என்ன நிறம் என்று முதல் நாள் கேட்டபோது, "மஞ்சள்போல இருந்தது, துணியைத் துவைத்துப் போட்டுவிட்டேன்" என்றார் அந்தத் தாய். துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்று இப்போது வீடு திரும்பும் ஒவ்வொரு தாயிடமும் சொல்லி அனுப்புகிறேன்.