பிரபலங்களின் இல்லறச் சிக்கல் ஊருக்குத் தெரிய வேண்டுமா?

கேள்வி (பென்னாகரம்): நடிகர் ஒருவரின் விவாகரத்து அறிக்கையை எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் உரக்கப் படித்து, இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். இத்தகைய சிக்கல்களைப் பிரபலங்கள் நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில் (அரூர்): சட்டத்தின் விருப்பமும் அதுவே. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, இவ்வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கவும், மீறி வெளியிடுவோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வகை செய்கிறது. (யூடியூப் வருமானத்துக்கு முன் அது எம்மாத்திரம்!)

பதில் (ஓசூர்): மனைவியை அடிப்பவர் தேர்தலில் நின்றால், அதை வீட்டு விவகாரம் என ஒதுக்க முடியாது. 1994ஆம் ஆண்டு, நக்கீரன் இதழாசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில் அந்தரங்க உரிமையை ஏற்ற உச்ச நீதிமன்றம், தாமாகவே சர்ச்சைக்குள் நுழைபவரின் நிலை வேறாகலாம் என்றும் கூறியது. முதல் அறிக்கையை விடுபவர் இதை யோசிக்க வேண்டும்.

கேட்டவர்: வன்முறை என்றால் ஒப்புக்கொள்கிறேன். வெறும் மனக்கசப்புக்கு அறிக்கை எதற்கு?