நிலைப்பட்டை ‘விட்ஜெட்’டுக்குக் ‘காட்டி’ பொருந்துமா?

அண்ணை, திரையோரத்து ‘ஸ்ரேற்றஸ் பார்’க்கு நீங்கள் வைத்த ‘நிலைப்பட்டை’யில் எனக்கு மறுப்பில்லை. அதற்குள் நிற்கும் நேரம், பற்றரி, வைஃபை உறுப்புகளுக்குத்தான் சொல் வேண்டும். லினக்ஸில் இப்படிப் பட்டை காட்டும் நிரல்களில் ஓசம் விட்ஜெட் என்கிறது, போலிபார் மொடியூல் என்கிறது, ஐ3பார் புளொக் என்கிறது. ‘கட்டம்’ என்று வைப்பமா? ‘காட்டி’ என்றால், ஒலி உறுப்பைச் சொடுக்கிச் சத்தத்தை நிறுத்தவும் முடியுமே, அது வெறுமனே காட்டுவது இல்லையே?

*

தம்பி, ‘கட்டம்’ வேண்டாம். ‘நேரக்கட்டம்’ என்றதும் காலகட்டம்தான் காதில் விழும். ‘காட்டி’யே என் தெரிவு: நேரங்காட்டி, பற்றரிகாட்டி, ஒலிகாட்டி. வழிகாட்டியில் ‘க்’ மிகாததுபோல் இவற்றிலும் மிகாது. வாடைக்காற்றா கச்சான்காற்றா என்று பார்க்கிற திருகோணமலைக்காரர் ஒரு காற்றுகாட்டி எழுதினால் பெயர் தானாக அமையும்.

சொடுக்குவது பெயரைக் கெடுக்காது. நாட்காட்டியில் தாளையும்தானே கிழிக்கிறோம். அதோடு, ஐ3பாருக்குத் தகவல் கொடுக்கும் ஐ3ஸ்ரேற்றஸ் நிரல் சொடுக்கை வாங்குவதே இல்லை. தன் வெளியீட்டின் தலைப்பு வரியில் ‘கிளிக் ஈவென்ற்ஸ்’ இயக்கிய நிரலுக்குத்தான் ஐ3பார் அதை அனுப்பும்.

ஐ3ஸ்ரேற்றஸின் அமைப்புக் கோப்பைப் பற்றிக் கையேட்டில் இப்படி எழுதலாம்: “ஒவ்வொரு காட்டிக்கும் ‘ஓர்டர்’ வரி ஒன்று வேண்டும். வரிகளின் ஒழுங்கிலேயே காட்டிகள் இடமிருந்து வலமாக நிற்கும். ஒன்றை மறைக்க அந்த வரியை நீக்கினால் போதும். ‘இன்ரர்வல்’ 5 என்றால் ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். நேரங்காட்டியில் விநாடியும் வேண்டுமென்றால் 1 ஆக்குக, பற்றரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.”

தமிழ் எழுத்தைப் பற்றித் தனியே எழுதவேண்டும், ஆட்கள் மாட்டுப்படுவது அங்கேதான். ஐ3 அமைப்புக் கோப்பில் எழுத்துருப் பெயருக்கு முன்னால் ‘பாங்கோ:’ இல்லாவிட்டால் பழைய எக்ஸ் எழுத்துருவைத் தேடும், தமிழ் ஒழுங்காக வராது. போலிபார் எழுத்துகளைக் கோத்து வரைவதில்லை. அதனால் ‘கொ’வின் கொம்பு இடம்மாறி நிற்கும். அமைப்புக் கோப்பை யூரிஎஃப்-8 குறியாக்கத்திலேயே சேமிக்கவேண்டும்.

பற்றரிகாட்டியில், மின்னேறும்போது காட்டும் சொல்லான ‘ஸ்ரேற்றஸ் சிஎச்ஆர்’ என்பதற்கு ‘ஏறுது’ என்று கொடுக்கலாம். சொல் மாறும்போது பக்கத்துக் காட்டிகள் ஆடாமலிருக்க, ஆகக் குறைந்த அகலமான ‘மின் விட்த்’துக்கு எண்ணுக்குப் பதிலாக ஆக நீளமான வாசகத்தையே கொடுக்கவும்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும், திரையில் தெரியும் சொற்களை மட்டும் தமிழாக்குக. ‘ஓர்டர்’ வரியில் உள்ள பெயர்களையும் % குறியோடு வருவனவற்றையும் தொடவேண்டாம். ‘இன்ரர்வல்’ போன்ற சாவிப்பெயரையும் மாற்றினால் ஐ3ஸ்ரேற்றஸ் பிழை சொல்லி நின்றுவிடும், பட்டையில் ஒரு காட்டியும் வராது.