ஆடும் அரைப் பேரும்

தொலைவில் இருக்கும் எடிட்டரோடு ஆவணப்படம் செய்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஒன்பது நாள் படமெடுத்துவிட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். தொகுக்கவிருந்த தம்பி டொரொன்டோவில் பிறந்து வளர்ந்தவன். மூலக் கோப்புகள் அத்தனையையும் இங்கிருந்து ஏற்றக் கட்டுப்படியாகாது. பிராக்ஸி எனப்படும் குறைந்த தரச் சிறு பிரதிகளை எடுத்து, நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் ஒரு வாரம் ஏற்றினேன். அவன் அதில் வெட்டி, எங்கே வெட்டினான் என்ற விவரம் மட்டும் கொண்ட திட்டக் கோப்பை அனுப்புவான். நான் அதை மூலக் கோப்புகளோடு இணைக்க வேண்டும்.

இணைத்தேன். படத்தில் பேசும் கொழுந்து பறிக்கும் பாட்டியின் குரல் கேட்கிறது. திரையில் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கட்டியிருந்த ஆடு அசைபோடுகிறது. கேமரா ஒவ்வொரு மெமரி கார்டிலும் சி0001 என்றே எண்ணத் தொடங்கியிருந்தது. நானும் பெயர் மாற்றவில்லை. மென்பொருள் பெயரைப் பார்த்து, முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டது. பிராக்ஸி எடுக்குமுன் தேதியையும் கார்டு எண்ணையும் பெயரில் சேர்த்திருந்தால் பத்து நிமிட வேலை. இரண்டு இரவு கண்விழித்துக் கையால் பொருத்தினேன்.

ஆடாவது கண்ணில் பட்டது. மற்றதை நான் ஏறக்குறைய தவறவிட்டேன். "நிறை குறைந்தால் அரைப் பேர்தான்" என்கிறார் பாட்டி. ஆங்கிலத் துணையெழுத்தில் 'பாதிப் பெயரைத்தான் எழுதுவார்கள்' என்று போட்டிருந்தான். தோட்டத்தில் வேலையைப் பதியும் கணக்கப்பிள்ளை பெயரைச் சுருக்கி எழுதுவதாக நினைத்தானாம். அதனால் அடுத்து வந்த, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவக் காட்சியும் அவனுக்குத் தேவையற்றதாகப் பட்டிருக்கிறது. தராசை இரண்டு விநாடியில் வெட்டிவிட்டான்.

அந்த இடத்தைச் சுட்டி அவனுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்; அழித்துவிட்டேன். எழுதித் தீராது. மார்கழி மாதம், பத்தரை மணி நேர வித்தியாசம். இரவு ஒன்பதரைக்கு அழைத்தேன், அவனுக்குக் காலை பதினொன்று. பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அந்தத் தோட்டத்தில் 18 கிலோ பறிக்காவிட்டால் பாதி நாள் சம்பளம்தான் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை.

"அக்கா, அப்படியென்றால் அன்று முழுவதும் அவர் மலையில் நின்றிருக்கிறாரே?"

"ஓம்."

அடுத்த பிரதியில் தராசு ஒன்பது விநாடி நிற்கிறது. முள் 14இல் ஆடி அடங்கும்வரை அவன் வெட்டவில்லை.