இழைக் கோட்பாட்டுக்கு இன்னும் எவ்வளவு காலம் பொறுப்பது?

அளவுகோல்: துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வே என்பதுதான் இந்தக் கோட்பாடு. 1984-இல் இயற்பியலாளர்கள் கிரீனும் ஸ்வார்ஸும் 10 பரிமாணங்களில் அதன் கணக்கு முரண்கள் கழிந்துபோவதைக் காட்டினார்கள். நாற்பது வருடம் ஓடிவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரு எண்கூட வரவில்லை. ஈர்ப்பின் குவாண்டம் விளைவுகள் தெரியவரும் பிளாங்க் ஆற்றலைத் தொட, செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவியின் ஆற்றலைப்போல 1-க்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்ட மடங்கு வேண்டும். இதை இயற்பியல் என்று எப்படிச் சொல்வது?

மூடியஇழை: கதை 1984-இல் தொடங்கவில்லை. 1968-இல் வெனிசியானோ எழுதிய வாய்பாடு, அணுக்கருவைப் பிணைக்கும் வல்விசைக்கானது. அதிலிருந்து பிறந்த இழைக் கணக்கில் நிறையில்லாத, தற்சுழற்சி 2 கொண்ட துகள் ஒன்று வந்து நின்றது. வல்விசையில் அப்படி ஒன்று கிடையாது, துரத்தியும் போகவில்லை. 1974-இல் ஷெர்க்கும் ஸ்வார்ஸும் ‘இது கிராவிட்டான்’, அதாவது ஈர்ப்பைச் சுமக்கும் துகள், என்றார்கள். அந்தக் கணக்கை நானே தாளில் போட்டிருக்கிறேன். மூடிய இழையில் இடப்பக்கம் ஓடும் அலை ஒரு திசைக்குறி தருகிறது, வலப்பக்கம் ஓடுவது இன்னொன்று. சேர்த்தால் ஈர்ப்பு! யாரும் அதை உள்ளே வைக்கவில்லை.

அளவுகோல்: அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பு நமக்கு முன்பே தெரியும். தெரிந்ததைத் திருப்பித் தருவது கணிப்பு ஆகுமா? இந்தக் கணக்குக்கு 10-இன் அடுக்கு 500 தீர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு பிரபஞ்சம் என்கிறார்கள், நம்முடையது எது? ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்னும் மீச்சீர்மை சொல்லும் துகள்களும் மோதுவியில் சிக்கவில்லை.

மூடியஇழை: ஹிக்ஸ் துகளுக்கு 1964 முதல் 2012 வரை காத்திருந்தோமே?

அளவுகோல்: அது வேறு, நண்பரே. ஹிக்ஸ் எப்படிச் சிதையும் என்பதுவரை கையில் கணக்கு இருந்தது, நிறை மட்டும்தான் தெரியாது. இங்கே எதைத் தேடுவது என்றே தெரியவில்லையே.

குவார்க்மாணவி: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஒரு வெளிக்குள் இருக்கும் ஈர்ப்புக் கணக்கும் அதன் விளிம்பில் ஈர்ப்பில்லாத துகள் கணக்கும் ஒன்றே என்று 1997-இல் மால்டசேனா காட்டிய இணைப்பைக் கொண்டு, அணுக்கருக்கள் உருகிக் கிடைக்கும் குவார்க் குழம்பின் பாகுநிலையைக் கணக்கிடலாம். பாகுநிலைக்கும் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) அடர்த்திக்கும் உள்ள விகிதம், இயல் அலகில், 4π-இல் ஒரு பங்கு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்து அணுக்கரு மோதலில் கிடைத்த மதிப்பும் அதற்குப் பக்கத்தில்தான். வல்விசைக்குப் பிறந்த கணக்கு வல்விசைக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கருவி பயன்பட்டதால் உலகம் இழையால் ஆனது என்று ஆகிவிடாது.

மூடியஇழை: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1996-இல் ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் ஒருவகைக் கருந்துளையின் நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணியபோது, கருந்துளையின் என்ட்ரோபி என்று ஹாக்கிங் சொன்ன அதே ‘பரப்பில் நாலில் ஒன்று’ வந்ததே! வெறும் தற்செயலா?

அளவுகோல்: இல்லை. அதைத்தான் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அது வானத்தில் இருக்கும் கருந்துளை அல்ல, மீச்சீர்மை உள்ள சிறப்பு வகை. மால்டசேனாவின் வெளியும் எதிர்க்குறி வளைவு கொண்டது. நம் பிரபஞ்சமோ வேகமெடுத்து விரிகிறது என்று 1998-லேயே தெரிந்துவிட்டது. அப்படி ஒரு பிரபஞ்சத்தை இழைக் கணக்கில் உறுதியாகக் கட்ட முடியுமா?

மூடியஇழை: அதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டைதான். நானும் அந்த விடைக்குத்தான் காத்திருக்கிறேன்.