நெல்லிக்குப்பம் பக்கம் சிறப்புப் பயிற்றுநர் யாராவது தெரியுமா?

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளுக்கு மூளை முடக்குவாதம். நெல்லிக்குப்பம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கேள்வி கேட்டால் வாயால் டக்கென்று பதில் வரும். அதையே எழுதச் சொன்னால் விரல்கள் இறுகிவிடும், அரைப் பக்கம் முடிவதற்குள் மணி அடித்துவிடும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் அருமையான மனுஷி. ஆனால் பல பள்ளிகளை அவர் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கிறது, பாவம். அவர் வராத நாட்களில் பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவிலேயே தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் இருக்கிறது. பள்ளியில் கேட்டால் "பத்தாவது வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். கணக்கை இன்னொருவரிடம் படிப்படியாகச் சொல்லி எழுதவைக்க இப்போதே பழக வேண்டாமா?

பொதுத்தேர்வில் இந்தச் சலுகை வாங்கிய பெற்றோர் இருந்தால், எப்போது விண்ணப்பித்தீர்கள், என்னென்ன சான்று கேட்டார்கள் என்று சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கிறது. அப்புறம், கடலூரிலோ புதுச்சேரியிலோ சனி, ஞாயிறுகளில் சொல்லித்தர ஆள் இருந்தாலும் சரி. பாகூர் வரை என்றால் அண்ணனே வண்டியில் கூட்டி வந்துவிடுவார்.