மறு: மூளைக்கனற்சி – பக்கவாதத்துக்குப் பின் மூளைக்குள் நடப்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பக்கவாதத்துக்குப் பின் மூளைக்குள் நடக்கும் neuroinflammation என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்காக நம் குழுவில் மன்னார்குடி ஐயா சொன்ன ‘மூளை அழற்சி’, அக்கா சொன்ன ‘நரம்பழற்சி’ இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். நல்ல சொற்கள்தான், ஆனால் இரண்டுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. முன்னது பெரும்பாலும் கிருமியால் வருகிற மூளைக்காய்ச்சலைக் குறிக்கிறது. பின்னது கை, கால், முகம் என்று தனித்தனி நரம்பில் வருவது. நமக்கு வேண்டிய பொருள் இரண்டிலும் இல்லை.

நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. நீடாமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பவன் நான். ஒரு பெரியவருக்குப் பாரிசவாயு வந்து வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில் யாரோ ‘மூளை அழற்சி’ என்று தமிழில் எழுதியிருந்தார்கள். மருமகள் அதைத் தெருவில் காட்டி விசாரிக்க, மூளைக்காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். வயல் தண்ணீரில் பெருகும் கொசு பரப்புகிற ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நாம். பயந்துபோய் ஒரு மாதம் பேரனைத் தாத்தாவின் கட்டில் பக்கமே விடவில்லை. பேச்சைத் திரும்பப் பழக வேண்டிய மனிதருக்கு வீட்டிலேயே அதிகம் பேசுகிற ஆள் அந்தப் பிள்ளைதான். இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? வாய்க்கால் அடைபட்டால் அதை மட்டுமே நம்பியிருக்கும் வயல் முதலில் காயும். பக்கத்து வாய்க்காலின் கசிவு எட்டுகிற வயல் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இரத்தக்குழாய் அடைப்பும் அப்படித்தான். நடுவில் இருக்கும் செல்கள் சில நிமிடங்களில் சாகின்றன, சுற்றியிருப்பவை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. செத்த செல்கள் உடைந்து சிந்தும் பொருள்களே ஆபத்து மணியாகிவிடுகின்றன. மூளையின் காவலாளிகளான மைக்ரோகிளியா செல்கள் அதைக் கேட்டு விழித்துக்கொள்கின்றன. (1919இல் இவற்றைத் தனி வகை என்று பிரித்துக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பியோ தெல் ரியோ ஓர்தேகா.) அவை விடும் சைட்டோகைன்களால் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள்) இரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. வெள்ளையணுக்கள் அதில் ஒட்டி உள்ளே இறங்குகின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அரிக்கப்பட்டு நீர் கசிகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வீக்கம் உச்சத்துக்குப் போவதும், தேறிவருகிறார் என்று நாம் நினைத்த நோயாளி திடீரென்று மயங்குவதும் இதனால்தான். பிழைத்துக் கிடந்த வயலும் இதில் அழியலாம்.

கிருமியே இல்லாமல் இவ்வளவும் நடக்கிறது. ‘வீக்கம்’ என்று மொழிபெயர்த்தாலும் தவறுதான். வீக்கம் விளைவு, நாம் பெயர் தேடுவது அதற்குக் காரணமான நிகழ்வுக்கு.

இதை முழுக்கக் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. குப்பையை அள்ளுவதும், பழுது பார்க்கும் வளர்ச்சிப் பொருள்களைச் சுரப்பதும் பிற்பாடு இதே செல்கள்தான். வெள்ளையணு ஒட்டாமல் தடுக்கப் பக்கவாத நோயாளிகளுக்கு என்லிமோமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001இல் வெளிவந்த முடிவின்படி, மருந்து பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது, இறப்பும் கூடியது.

அதனால் என் பரிந்துரை ‘மூளைக்கனற்சி’. சுழல் சுழற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆனதுபோல, கனல் கனற்சி ஆகும். அழல் கொழுந்துவிட்டு எரிவது, கனல் சுடரில்லாமல் உள்ளேயே கிடப்பது. அரிசி ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு உமிக் குவியல் தெரியும். மேலே கறுப்பாக ஆறிக் கிடக்கும், காலை வைத்தால் வெந்துவிடும், நாள்கணக்கில் அணையாது. ஆனால் கும்பகோணத்துப் பத்தர் உமியோட்டில் பொன்னை உருக்கியதும் அந்த நெருப்பில்தானே? கெடுப்பதும் ஆக்குவதும் ஒரே கனல் என்பது இந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பழைய ரோமானிய மருத்துவ நூலாசிரியர் செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன நான்கு அடையாளங்களான சிவப்பு, வீக்கம், சூடு, வலி எல்லாம் தோலில் தெரியும். மண்டையோட்டுக்குள் நடப்பதை யார் கண்டார்கள்? மூளைத் திசுவுக்கு வலிகூடத் தெரியாது.

அழற்சி பாடநூலில் ஊன்றிவிட்டது, எதற்குப் புதுச் சொல் என்று தஞ்சாவூர்த் தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அழற்சியை நான் எடுக்கச் சொல்லவில்லை. மூட்டழற்சி, குடல்வால் அழற்சி எல்லாம் அப்படியே இருக்கட்டும். மூளையில் மட்டும் அந்தச் சொல் கிருமியைக் கூட்டி வருகிறது, அங்கேதான் மாற்றம் கேட்கிறேன். பார்க்கின்சன் நோய் போன்றவற்றில் பல வருடம் இழுக்கும் மெல்லிய நிலைக்கும் கனற்சி பொருந்தும் என்றே நினைக்கிறேன். அழற்சி அங்கே பொருந்துமா என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “அடிபட்ட இடத்தில் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கிறதும்மா, அடுத்தவருக்கு ஒட்டாது.” அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அது எப்பத் தம்பி தணியும்?” என்று கேட்டார். வெள்ளையணுக்கள் விலகி, கழிவு அகன்று, திசு அமைதிக்குத் திரும்பும் கட்டத்துக்கும் நம் பட்டியலில் சொல் இல்லாமல் இருந்தது. ‘கனற்சித் தணிவு’ என்று சேர்த்துக்கொள்ளலாமா?