கலைச்சொல் வேண்டும்: ‘பேக்கப்’ (வெள்ளி இரவு கெடு)

[1] ஒருங்கிணைப்பவர்

குழுவினருக்கு வணக்கம். கட்டற்ற மென்பொருள் ஒன்றின் தமிழ் இடைமுகத்தை வெள்ளி இரவுக்குள் ஏற்றியாக வேண்டும். மற்ற வரிகள் முடிந்தன. ‘பேக்கப்’ (மூலம் கெட்டாலும் மீட்க, முன்கூட்டியே எடுத்துவைக்கும் நகல்) வரும் 11 வரிகள் மட்டும் பாக்கி.

ஆங்கிலத்தில் ‘பேக் அப்’ என்று பிரித்தெழுதினால் வினை, சேர்த்தெழுதினால் பெயர். நிரலை எழுதியவர் எல்லா இடத்திலும் சேர்த்தே எழுதிவிட்டார். மொழிபெயர்ப்பு வரிகள் இருக்கும் பிஓ கோப்பில், எந்த வரி எங்கே வருகிறது என்ற சூழல் குறிப்பு இல்லை. மூலச் சரம் (ஆங்கில வரி) எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட் அதை ஒரே பதிவாகத்தான் வைத்துக்கொள்ளும். ஆக, பொத்தானுக்குப் போடும் சொல்லே பட்டியலின் தலைப்பிலும் போய் உட்காரும். சூழல் குறிப்பு சேர்க்கச் சொல்லலாம் என்றால், இந்த வெளியீட்டுக்குச் சரங்களை உறையவைத்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது. பெயராகவும் ஏவலாகவும் நிற்கக்கூடிய ஒரே சொல் கிடைக்குமா? பொத்தானில் இடமும் குறைவு.

[2] இலக்கணம் பயிற்றுபவர்

அதற்கு முன் ஒன்று. இந்த வினைக்கு எத்தனை பொருள் என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடியும். ஓட்டுநருக்கு அது வண்டியைப் பின்னால் எடுப்பது. கூட்டத்தில் ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் பக்கபலமாக நிற்பதும் அதுவே. கழிவுநீர் எதிர்த்து வந்தாலும், சிக்னலில் வண்டிகள் தேங்கி நின்றாலும் ஆங்கிலத்தில் அதே வினைதான். நமக்கு இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை ஏற்கெனவே உண்டு. இவற்றில் எதற்கும் புதுச்சொல் வேண்டாம்.

பாடகருக்குத் துணையாகப் பின்னால் நின்று பாடுவதற்குக் கூத்தில் பின்பாட்டு என்ற அருமையான சொல் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சிலர் ‘பிற்காப்பு’ என்று எழுதத் தொடங்கினார்கள் போலும். அது பொருந்தாது. தமிழில் ‘பின்’ இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். பிற்காப்பு என்றால் கெட்ட பிறகு காப்பது என்றே காதில் விழுகிறது. இங்கே வேண்டியதோ வருமுன் காப்பது. ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ என்ற குறளில் அதே ‘கா’தான் பகுதி. கா + ப் + பு = காப்பு. நூலின் தொடக்கத்தில் பாடுவதும் காப்பு. திருவிழாவுக்குக் கட்டுவதும் காப்பு.

‘காப்புப் பிரதி’ பரவலாக இருக்கிறது, ஆனால் பாதி வடமொழி. ‘காப்பு நகல்’ என்றால் நகல் அரபியிலிருந்து வந்தது. படியெடுத்தல் நம் சொல். ஏடுகளைப் பெயர்த்தெழுதிய காலத்திலிருந்து புழங்குவது. என் வாக்கு ‘காப்புப்படி’க்கு.

[3] செயலி மொழிபெயர்ப்பவர்

> என் வாக்கு ‘காப்புப்படி’க்கு.

ஐயா, பெயராக நன்றாக இருக்கிறது. பொத்தானில் ‘காப்புப்படி எடு’ ஆகும். அதற்குச் செயப்படுபொருளைச் சேர்த்துப் பாருங்கள்: ‘கோப்புகளைக் காப்புப்படி எடு’. எடுப்பது கோப்புகளையா, படியையா? ‘கோப்பை நகலெடு’ என்பதில் நகலும் எடுவும் ஒட்டி ஒரே வினையாகிவிட்டதால் இந்த இடறல் இல்லை.

ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டும் சிறுசொல் பொருளையே மாற்றுவதுபோல, நமக்குக் கூட்டுவினை உண்டு. காட்டிக்கொடு என்பதில் காட்டுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, துரோகம்தான் இருக்கிறது. அதையே இடைவெளி விட்டு எழுதினால் வழி காட்டி ஏதோ கொடுத்ததாகக்கூடப் படிக்கலாம். விட்டுக்கொடு, கண்டுகொள் எல்லாம் இப்படித்தான். அந்த வகையில் ‘எடுத்துவை’ இருக்கிறது. விதைநெல்லைத் தனியே எடுத்துவைப்பது எதற்காக? பயிர் போனாலும் மறுபோகம் போட. ‘கோப்புகளை எடுத்துவை’ என்றால் வேற்றுமைச் சிக்கலும் இல்லை.

[4] சேவையகங்களைப் பராமரிப்பவர்

எடுத்துவை வேண்டாம். ‘தட்டை எடுத்து வை’ என்றால் தட்டு இருந்த இடம் காலியாகிவிடும். பேக்கப்பின் உயிரே மூலம் இருந்த இடத்திலேயே இருப்பதுதான். கைபேசியில் ‘படங்களை எடுத்துவை’ என்று பார்ப்பவர் படங்கள் கைபேசியை விட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுவார்.

‘சேமி’யும் வேண்டாம், ‘ஒத்திசை’யும் வேண்டாம். ஒத்திசைவில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒரே தரவை ஒருசேர எழுதும் இரட்டை வட்டு வைத்திருப்பதும் அதே கதைதான். வட்டு பழுதானால் காப்பாற்றும், தவறுதலாக அழித்ததிலிருந்து காப்பாற்றாது. 3 படிகள், 2 வகை ஊடகம், 1 வெளியிடத்தில் என்ற விதி இதற்காகத்தான்.

அடுத்து வரப்போகும் வரிகளுக்கும் இப்போதே யோசிப்போம், ஏனென்றால் வகைகளும் வரும். ஞாயிறு முழுவதையும் எடுக்கிறோம். திங்கள் முதல் ஒவ்வோர் இரவும் முந்தைய இரவுக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது ஒரு முறை. ஒவ்வோர் இரவும் ஞாயிறுக்குப் பின் மாறிய எல்லாவற்றையும் எடுப்பது இன்னொரு முறை. வெள்ளி காலை வட்டு போய்விட்டது என்று வையுங்கள். முதல் முறையில் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என 5 தொகுதிகளும் வரிசையாக வேண்டும். செவ்வாய் கெட்டிருந்தால் திங்கள் இரவு நிலைவரைதான் நம்பி மீட்கலாம். இரண்டாவதில் ஞாயிறும் வியாழனும் போதும், ஆனால் நாளுக்கு நாள் அளவு பெருகும். முதலாவதைத் தொடர்காப்பு, இரண்டாவதைத் திரள்காப்பு எனலாம். முழுமையாக எடுப்பது முழுக்காப்பு. மூன்றிலும் ‘காப்பு’ தனியாகவே பெயராக நிற்பதைப் பாருங்கள். அப்படியானால் வினைக்குக் ‘காப்பெடு’ போதுமே.

யுபிஎஸ் பக்கம் இந்தச் சொல்லை விடாதீர்கள். ‘பேக்கப் எவ்வளவு?’ என்று கேட்பவர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்றுதான் கேட்கிறார். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் என்றால் 1800 வாட்-மணி. 300 வாட் சுமைக்குக் கணக்குப்படி 6 மணி, இழப்பு போக அதிலும் குறையும். அதற்குத் ‘தாங்குநேரம்’ போதும்.

[5] யாழ்ப்பாணத்திலிருந்து

காப்பெடு சிறியது, பொத்தானுக்கு ஏற்றது. ஆனால் பெயரில் நகல் வந்தால் எங்கள் பக்கம் இடிக்கும். இங்கே ஒளிநகலை நிழற்பிரதி என்றுதான் படிவங்களில் எழுதுவோம். பிரதி எல்லோருக்கும் தெரிந்த சொல். கொப்பி என்றால் பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகம். வடமொழி என்பதற்காகப் பிரதியைத் தள்ளினால், விளங்குகிற சொல்லைத் தள்ளியதாகும். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்றால் எனக்குக் காப்புப் பிரதிதான் சரியாகப் படுகிறது.

[6] இலக்கணம் பயிற்றுபவர்

அம்மா சொல்வது நியாயம். இரண்டு கரைக்கும் பொது என்பதால்தான் படியைச் சொன்னேன். கையெழுத்துப்படி இரு பக்கமும் விளங்கும். இரண்டாம் படி என்ற பொருளில் மறு + படி எனக் கூட்டினால் அழகான சொல் கிடைக்கும். ஆனால் ‘மறுபடி எடு’ என்றால் இன்னொரு முறை எடு என்றாகிவிடுகிறது. அந்த வாசல் மூடிக் கிடப்பதில் எனக்கு வருத்தமே. பயணப்படி, மாடிப்படி, நெல் அளக்கும் படி என்று ‘படி’க்குப் பொருள்கள் மிகுதி என்பீர்கள். முன்னே காப்பு நின்றால் மயக்கம் தீரும்.

தனித்த ‘காப்பு’தான் மயக்கம். நாளிதழ்த் தலைப்பில் ‘இருவருக்குக் காப்பு’ என்றால் கைது. வேகமாகச் சொன்னால் காப்பெடுவும் காப்பியெடுவும் ஒன்றுபோலக் கேட்கும்.

[7] ஒருங்கிணைப்பவர்

இரவு பத்தாகிவிட்டது. வினைக்கு, எழுதியவர்களில் இருவர் காப்பெடுவுக்கு. ஆனால் ஒரே பதிவில் பெயரும் வினையும் வர வேண்டியிருப்பதால், சேர்த்தெழுதிய அந்த ஒரு சரத்துக்குக் ‘காப்பு’ என்று போடுகிறேன். பொத்தானில் கொஞ்சம் மொட்டையாக இருக்கும், தப்பாக இருக்காது. வாக்கியங்களில் ‘கோப்புகளுக்குக் காப்பெடுக்கப்பட்டது’ என்று நான்காம் வேற்றுமையில் வரும். [3] காட்டிய இடறல் அங்கே இல்லை. காப்புப்படி, காப்புப் பிரதி இரண்டையும் கோப்பில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்துவிட்டேன்.

[8] சேவையகங்களைப் பராமரிப்பவர்

ஏற்றும் முன் தயவுசெய்து இதையும் பாருங்கள். திரும்பக் கொண்டுவருவதற்கு ‘மீட்டெடு’ என்றும், எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதற்கு ‘மீட்டமை’ என்றும் அதே பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். முதலாவது தரவைத் தரும், இரண்டாவது துடைக்கும். வட்டு போன பதற்றத்தில் இருப்பவர் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துத்தான் அழுத்துவார். இரண்டாவதை ‘அழித்துத் தொடங்கு’ என்று மாற்றுங்கள். காப்பா படியா என்பதைவிட இது அவசரம்.

[9] இலக்கணம் பயிற்றுபவர்

அழித்துத் தொடங்கு, முழு உடன்பாடு. காப்புப்படிக்கான என் வாக்கு அப்படியே இருக்கட்டும். அடுத்த வெளியீட்டில் சூழல் குறிப்பு வந்ததும் பெயரைத் தனியாக எடுத்துப் பேசுவோம்.